மஞ்சள் காயும்வரை

"பல்லைக் கடிச்சுக்கடி, எரியும்" என்று சொல்லிவிட்டுத்தான் பூவம்மா சூடான மஞ்சளை வீராயியின் காலில் வைத்தாள்.

வீராயி பாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சத்தம் போடவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

மடுல்சீமையில் மழை விடவேயில்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில் புல்லுக்கொரு அட்டை. கடித்த இடத்தைச் சொறிந்து, சொறிந்த இடத்தில் சேறு பட்டு, இரண்டு காலும் புண்ணாகிவிட்டது. இன்று காலையிலிருந்து வீக்கம் முழங்காலை நோக்கி ஏறத் தொடங்கியிருந்தது.

போன மழைக்கு, லயத்து வீட்டு வரிசையின் கடைசிக் காம்பராவில் இருந்தவளுக்கும் இப்படித்தான் ஏறியது. தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் திரும்பி வரவில்லை.

அதனால்தான் வேலை விட்டு வந்த பூவம்மா, நனைந்த கம்பளியைக்கூட அவிழ்க்காமல் அம்மியில் உட்கார்ந்தாள். வீட்டிலிருந்த மஞ்சள் முழுவதையும் அரைத்து, நல்லெண்ணெயில் குழைத்துச் சுட வைத்தாள். கை கடுத்தது. நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளிய கை அது.

"எங்க வீட்டு மனுசன் வந்து பாத்தா, எவளோ கல்யாணப் பொண்ணு உக்காந்திருக்கான்னு நினைக்கப் போறாருக்கா."

வீராயி தன் காலைப் பார்த்துச் சிரித்தாள். காய்ச்சலென்று அவள் புருஷனைப் போன வாரம்தான் மாட்டு வண்டியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

பூவம்மா சிரிக்கவில்லை. குனிந்து விரலிடுக்கில், குதிகால் வெடிப்பில், புண் இல்லாத இடத்தில்கூட மஞ்சளை அப்பினாள்.

"போதும்க்கா. மிச்சத்த நாளைக்குப் பூசிக்கிறேன்."

நாளைக்கு ஆகாது.

மத்தியானம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கங்காணி பூவம்மாவைத் தனியாகக் கூப்பிட்டிருந்தார். பதுளையில் வீராயி புருஷன் போய்விட்டான், நேற்றே புதைத்தாயிற்று, பக்கத்துக் காம்பரா நீதானே, பக்குவமாகச் சொல்லிவிடு என்றார்.

சொல்லத்தான் வேண்டும். சொன்ன நிமிஷத்திலிருந்து, தாலி அறுத்தவள் காலில் மஞ்சள் ஏறலாகாது என்பார்கள். மருந்துக்கென்றாலும் லயத்தில் ஒருத்தியும் தொட்டுப் பூச மாட்டாள்.

சட்டியில் ஒட்டியிருந்ததையும் பூவம்மா வழித்தெடுத்தாள்.

"கால அசைக்காதடி. முதல்ல இது காயட்டும்."