சொல்லிவிட்டு வரும் சத்தம்

ஆலையில் பாய்லர் வெடித்ததிலிருந்து அவருக்கு எல்லாச் சத்தமும் வெடிச்சத்தம்தான். மூளைக்கு வித்தியாசம் பிடிபடவில்லை, எதையும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்றார் டாக்டர். அன்றிலிருந்து மனைவி, "கதவச் சாத்தறேங்க", "தட்டு வைக்கறேங்க" என்று சொல்லிச் சொல்லியே குடும்பம் நடத்தினாள். அவரும் நடுங்கும் கைகளால் காதைப் பொத்திக்கொள்வார்.

போன மாதத்திலிருந்து அவள் வாயைத் திறக்கும் முன்பே காதைப் பொத்திக்கொண்டார். டம்ளர் கைதவறி விழுவதற்கு முன்பும்தான். அவர் கை காதுக்குப் போனால் அவள் டம்ளரை இறுகப் பிடித்துக்கொள்வாள். அப்படியும் அது விழும்.

இன்று அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"சத்தம் வரப்போகுதும்மா."

"எங்கேருந்துங்க?"

அவர் தன் காதை விட்டுவிட்டு அவளுடைய காதுகளைப் பொத்தினார். கைகள் நடுங்கவில்லை.