சல்லடை பூட்டிய குழாய்

மண்ணெண்ணெய் இல்லாமல் பங்குக் கிணற்றின் இறைப்பு மெசின் நின்று மாதமாகியும், மீனாம்பிகை வீட்டுத் தண்ணீர்த் தாங்கி வற்றவில்லை. குழாய் வாயில் பூட்டிய சல்லடைதான் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறது என்றாள் அவள்.

"கிணறு வத்திப்போச்சு. எங்கடை பங்கையும் களவாய் இறைக்கிறியள், மச்சாள்!" புருசனின் தம்பி பஞ்சலிங்கம் வேலிக்கு மேலால் கத்தினான்.

"உமக்கென்ன விசரோ? ஏறிப் பாருமன்."

அவள் வாளியை வைத்துக் குழாயைத் திறந்துவிட்டாள். அவன் ஏணியில் ஏறித் தாங்கிக்குள் இறங்கினான்.

"காய்ஞ்சு புழுதியாய்க் கிடக்கு!"

பிறகு சத்தமில்லை.

அவள் ஏறிப் பார்த்தாள். புழுதியில் அவன் காலடித் தடங்கள் நடுவரை போய் முடிந்திருந்தன.

கீழே வாளி நிரம்பி வழிந்தது. தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. வீணாக்க மனமில்லாமல் அடுத்த வாளியை வைத்தாள்.