நானூற்றுப் பன்னிரண்டு எழுத்து

பக்கங்களைத் திருப்பி நிறம் சேர்க்கும் புதிர்க் கியூப் ஒன்று, நிறம் கலைந்து மேசைமேல் பதறிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் நிறம் சேராவிட்டால் அதைப் பழைய சாமான் மூட்டையில் போட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தாள் வீட்டுக்காரி.

"மடிக்கணினி அண்ணே, வழி சொல்லுங்க!"

மடிக்கணினி தன் இயற்கணித மென்பொருளைத் திறந்தது. ஆறு பக்கத் திருப்புகளுக்கும் ஆறு எழுத்து வைத்து, வழி முழுவதையும் ஒரே சொல்லாகக் கோத்துத் தந்தது. நானூற்றுப் பன்னிரண்டு எழுத்து!

"அம்மாடி! இதைவிடச் சுருக்கமா வழி இல்லையா?"

"இருக்கும். பொறு, தேடுறேன்."

வெயில் சாய்ந்தது. பொறுக்கமாட்டாத கியூப், நீண்ட சொல்லையே எழுத்தெழுத்தாகப் படித்துத் திரும்பத் தொடங்கியது. உடம்பெல்லாம் வலித்தது. கடைசித் திருப்பில் ஒவ்வொரு முகமும் ஒரே நிறமாகப் பளிச்சிட்டது. வீட்டுக்காரி வந்து, சிரித்து, அதை அலமாரியில் வைத்தாள்.

அப்போது மடிக்கணினி கூவியது: "கண்டுபிடிச்சுட்டேன்! பதினெட்டே எழுத்து! எங்கே, செஞ்சு பாரு!"

"ஐயோ அண்ணே," என்று சிரித்தது கியூப், "இப்போ செஞ்சா மறுபடி கலைஞ்சிடுவேனே!"