மிதக்கிற ஆளுக்கு ஜாக்கெட்

"தண்ணில இறங்கினா கீழ போகவே மாட்டேங்கறார் அண்ணா. எவ்வளவு அமுக்கினாலும் மேலேயே வந்துடறார்," என்றாள் அவள்.

டிரம் சிரித்துவிட்டான். கடலுக்கடியில் முங்கி நீந்துகிறவர்களுக்கு ஸ்கூபா சாமான் விற்கும் அந்தக் கடைக்கு முதலாளியும் அவன்தான், வேலையாளும் அவன்தான். உடம்பைப் பார்த்துத் தெருவே வைத்த பெயர் டிரம். சண்டை போட்டுப் பார்த்து, அலுத்துப்போய், கடைசியில் கடைப் பலகையிலும் அதையே எழுதிவிட்டான்.

"வீட்டுக்காரரா? ஆள் பெருசோ?"

"உங்களை மாதிரி. ஒரு சுத்து கூடவே இருப்பார்."

"அப்ப மிதக்கத்தான் செய்வார். குண்டா இருக்கறவன் கல்லு மாதிரி முங்கிடுவான்னு எல்லாருக்கும் நினைப்பு. எங்க உடம்பு லாரி ட்யூப்மா, லேசுல முங்காது. அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே? மிதவை ஜாக்கெட்டை மாட்டிப் பார்த்துத்தான் எடுக்கணும்."

"அவரால வர முடியாது."

"வெட்கமா?"

அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். டிரம் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டான். அந்த வெட்கம் அவனுக்குத் தெரியும். முதல் தடவை ஜாக்கெட் வாங்கப் போன இடத்தில் பெல்ட் எட்டாமல் அவன் நின்றபோது, விற்கிறவன் உள்ளேயிருந்து இன்னொருத்தனைக் கூப்பிட்டு வேடிக்கை காட்டினான். அவமானத்தில் அதையே வாங்கி மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினான். காற்று ஏறியதும் ஜாக்கெட் காதுவரை எழும்பி நெஞ்சை நெரித்தது. செத்துப் பிழைத்தான். தன் அளவு ஆள் எவனும் ஜாக்கெட் பொருந்தாமல் சாகக் கூடாது என்றுதான் இந்தக் கடையையே போட்டான்.

"அளவாவது தெரியுமா?"

இடுப்பு, மார்பு, தோள் என்று தடங்கலில்லாமல் ஒப்பித்தாள். "காலைல அளந்தது. இப்ப இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும்."

"அரை நாள்லயா? சாப்பாடு பலம்தான் போல." அவள் சிரிக்காததால் டிரம் இன்னொன்றையும் சொல்லிப் பார்த்தான். "அளக்கறப்ப சும்மா நின்னாரா? என் சம்சாரம் டேப்பை எடுத்தாலே நான் பின்வாசல் வழியா ஓடிடுவேன்."

"படுத்திருந்தார். அசையல."

பின்னறையில் சிலிண்டருக்குக் காற்று அடைத்துக்கொண்டிருந்த மெஷின் ஓய்ந்தது. கம்பியில் ஜாக்கெட்டுகள் தலையில்லாத ஆட்களைப் போல வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. திடீரென்று வந்த அமைதியில் சொட்டுச் சத்தம் கேட்டது. குழாயோ என்று டிரம் திரும்பிப் பார்த்தான். குழாய் இல்லை. அவள் பின்னலின் நுனியிலிருந்து தண்ணீர் தரையில் விழுந்துகொண்டிருந்தது. வெளியே கொளுத்தும் வெயில்.

இவளும் கூடவே இறங்குகிறவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, இருப்பதிலேயே பெரிய ஜாக்கெட்டை எடுத்துத் தானே மாட்டிக் காட்டினான்.

"நல்லாப் பாத்துக்குங்க. தோள்ல வர்ற பட்டைக்கு அடியில ரெண்டு விரல் போகணும். இடுப்புப் பட்டை தொப்பைக்கு மேல ஏறக் கூடாது, இடுப்பெலும்புல உக்காரணும். முழுசாக் காத்து அடைச்சிட்டு மூச்சை இழுத்துப் பாக்கச் சொல்லுங்க. எங்கயும் நெரிக்கக் கூடாது."

அவள் கண் ஜாக்கெட்டில் இல்லை. கீழே பெட்டியில் அடுக்கியிருந்த ஈயக்கட்டிகள் மேல் இருந்தது.

"இதை எவ்வளவு கட்டினா கீழ போவார்?"

"எங்க இறங்கறார்? கடலா?"

"வீட்டுக்குப் பின்னால பழைய கல்குவாரி இருக்கு."

"ரப்பர் சூட்டோடயா?"

"ஆமா. ஞாயித்துக்கிழமையிலேர்ந்து அதோடதான் இருக்கார். கழட்ட முடியல."

"புதுசுல அப்படித்தான். நான் அதைப் போட்டுக்கிட்டே தூங்கியிருக்கேன்."

டிரம் மனக்கணக்குப் போட்டு, கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"குவாரித் தண்ணிக்கு இது போதும். ஆனா ஒண்ணு. ஜாக்கெட் தூக்கறது ஆளை இல்லம்மா, இந்த ஈயத்தை. ஜாக்கெட் இல்லாம இதைக் கட்டிக்கிட்டு இறங்கினா அடில போய் உக்காந்துடுவார். மேல வரவே மாட்டார்."

"வரவே மாட்டாரா?"

"நானே ஆனாலும் வர மாட்டேன்."

முதல் தடவையாக அவள் முகம் தளர்ந்தது. பாவம், எத்தனை பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்தான் டிரம். பெல்ட்டை நீளமானதாக மாற்றி, கொக்கியை இழுத்துச் சரிபார்த்து, தன் தம்பிக்கு மடிப்பதுபோல ஜாக்கெட்டை மடித்தான். நிமிர்ந்தபோது அவள் ஈயக்கட்டிகளைப் பைக்குள் போட்டு முடித்திருந்தாள். அவள் விரல் நுனிகள் நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறியதுபோல வெளுத்துச் சுருங்கியிருந்தன. மேஜைமேல் பணத்தை வைத்துவிட்டு, ஜாக்கெட்டை அவன் பக்கமே தள்ளினாள்.

"இது வேண்டாம் அண்ணா."

"என்னம்மா இது, இவ்வளவு நேரம் யாருக்குச் சொல்லிட்டிருந்தேன்?"

"கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

பை அவளை ஒரு பக்கமாகச் சாய்த்தது. அப்படியே வாசலுக்கு நடந்தாள். டிரம் ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

"பணம் கூட வேண்டாம், சும்மாவே எடுத்துட்டுப் போங்க. வெறும் ஈயத்தோட இறங்கினா மனுஷன் செத்துடுவாரும்மா."

அவள் படியில் நின்று திரும்பினாள். பதறுகிறவனைத் தேற்றுகிற குரலில் சொன்னாள்:

"அது ஞாயித்துக்கிழமையே ஆயிடுச்சு அண்ணா. இனிமே மிதக்காம இருந்தாப் போதும்."