கோகுலன் பெயர் ஒட்டிய போத்தல்

மூடி தரையில் உருண்டு வந்து ஜெகதீஸ்வரியின் செருப்பில் முட்டியது.

நிமிர்ந்து பார்த்தாள். கைகழுவும் தொட்டியடியில் சுப்பையா. இரண்டு கையிலும் சிறுநீர்ப் போத்தல். ஒன்றில் அவர் பெயர். மற்றதில் அவர் மனைவியின் தம்பி கோகுலன் பெயர்.

"அண்ணே! என்ன செய்றீங்க?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி. மூடி நழுவிருச்சு."

"கோகுலன் போத்தல் நான் மேசைல வச்சது. அது என்ன, தானா நடந்து வந்துச்சா?"

சுப்பையா போத்தல்களைத் தொட்டி விளிம்பில் வைக்கப் பார்த்தார். கை நடுங்கியது.

இந்த ஜார்ஜ் டவுன் கிளினிக்கில் அவளுக்கு எட்டு வருட வேலை. எல்லாத் தில்லுமுல்லும் பார்த்தாயிற்று.

மாமனும் மச்சானும் பகாங் பக்கம் ஒரு தங்கச் சுரங்கத்தில் வேலை. லீவில் பினாங்கு வந்தால் இங்கேதான் கம்பெனி டெஸ்ட். பாதரசம் கலந்த தங்கத்தை அடுப்பில் சுட வேண்டும். ரசம் புகையாகும். புகை கூரைக்கும் போகும், ஆள் நெஞ்சுக்கும் போகும். ஏற ஏறக் கை நடுங்கும். சிறுநீரில் அளவு மீறினால் ஆளை அடுப்படியிலிருந்து எடுத்து ஸ்டோரில் போடுவார்கள். சம்பளம் உண்டு. அடுப்பு அலவன்ஸ் கிடையாது.

சுப்பையாவுக்குப் போன தடவையே அளவு எல்லையைத் தொட்டிருந்தது. கோகுலன் சேர்ந்து நாலு மாதம். அவனுக்கு எல்லாம் சுத்தம்.

"மச்சான் தண்ணிய உங்க போத்தல்ல ஊத்திப் பாஸ் பண்ணப் பாக்குறீங்க. அதானே?"

சுப்பையா தொட்டியைப் பார்த்தார்.

"முந்நூறு வெள்ளி அலவன்ஸுக்காகவா? இந்தக் கை நடுக்கத்துல சட்டைக்குப் பட்டன் யார் போட்டு விட்டது, உங்க சம்சாரமா?"

"அவதான்."

"இன்னும் கொஞ்ச நாள் போனா சோறும் ஊட்டணும். வெக்கமா இல்லையாண்ணே?"

"தொலோங் லா தங்கச்சி, உதவி பண்ணு. ரெண்டையும் இப்படியே லேப்புக்கு அனுப்பிரு."

"முடியவே முடியாது. புதுசா ரெண்டு போத்தல் தரேன். கோகுலனையும் கூப்பிடுங்க. இல்லன்னா டாக்டர் கனிகிட்ட சொல்லிருவேன்."

"அவனைக் கூப்பிடாத!" முதல் முறையாகச் சுப்பையா குரல் உயர்ந்தது. "கீழ கோப்பிக்கடைல இருக்கான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாமத்தான் திருடினீங்களா?"

"திருடல. குடுத்தேன்."

"என்னது?"

"அவனோடதைத் தொட்டில கொட்டிட்டேன். என்னுதுல பாதிய அவன் போத்தல்ல ஊத்தினேன்."

ஜெகதீஸ்வரிக்கு ஒன்றும் ஓடவில்லை.

"அப்ப உங்க போத்தல்ல?"

"என்னுதுதான். எனக்கு வர்றது வரட்டும்."

"அந்தத் தம்பி உடம்புல ஒண்ணுமே இல்லையேண்ணே. அது பேர்ல எதுக்கு உங்களுது?"

"வேலைல சேத்து விட்டதே நான்தான். இப்ப வெளிய வாடான்னா, அலவன்ஸ் போயிரும்ங்கிறான். மேனேஜரைக் கேட்டா, நல்லாத்தானே இருக்கான், எதுக்கு மாத்தணும்ங்கிறான்."

சுப்பையா கோகுலன் போத்தலை அவள் முன்னால் வைத்தார்.

"விஷம் ஏறினவனைத்தான் அடுப்படிய விட்டு வெளிய விடுறாங்க, தங்கச்சி. ஏறுறதுக்கு முன்னாடி அவனை வெளிய கொண்டு வர எனக்கு வேற வழி தெரியல."