கடைசி ஆளின் இடது கை

கையிலிருந்த பேப்பர் தட்டைப் புல்லில் போட்டுவிட்டுக் காமாக்ஷி ஓடினாள்.

ஆட்ட வரிசையின் கடைசியில் அவள் மகள் விஷாகா நின்றுகொண்டிருந்தாள். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. மேடையிலிருந்த அக்கார்டியன் வாத்தியக்காரர், எல்லோரும் வாருங்கள், ஆடத் தெரியாதவர்களும் வாருங்கள் என்று மைக்கில் சொன்னார். பன்னிரண்டு வயதுப் பெண் அதை அப்படியே நம்பிப் போய்விட்டாள்.

பிளசன்டன் பூங்காவில் அன்று செர்பியர்களின் திருவிழா. "ஃப்ரீன்னு போட்டிருக்கான் காமு, குழந்தையைக் கூட்டிண்டு ஒரு நடை போயிட்டு வரலாம்" என்று காலையில் ஆரம்பித்து வைத்தது காமாக்ஷியின் புருஷன் சுவாமிநாதன்.

அந்த ஆட்டத்துக்குக் கோலோ என்று பெயர். கைகோத்து வட்டமாகப் போவார்கள். ஆனால் வட்டம் மூடாது. ஒரு முனையில் ஆட்டத்தை நடத்துகிறவள், மறுமுனையில் கடைசி ஆள். புதிதாக வருகிறவர் கடைசி ஆளின் கையைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். நடத்துகிறவளுக்கு முன்னால் போய் நிற்பது மரியாதையில்லை. சீஸ் வைத்த அடுக்கு ரொட்டி விற்ற அம்மாள் இதையெல்லாம் சற்றுமுன் தட்டை நீட்டியபடியே சொல்லியிருந்தாள்.

விஷாகாவின் வலது கை ஒரு மீசைக்காரரின் பிடியில் இருந்தது. இடது கை சட்டைப் பைக்குள் இருந்தது.

அந்தக் கையில் பிறக்கும்போதே இரண்டு விரல்கள்தான்.

அவளுடைய எல்லா உடுப்பிலும் இடப்பக்கம் ஆழமாக ஒரு பை உண்டு. கொலுவுக்குப் போனாலும் பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுத்தாலும் கை அதற்குள்ளேயே கிடக்கும். குழந்தைக்குக் கூச்சம் ஜாஸ்தி என்று காமாக்ஷி கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அடுத்து வருகிற ஆள் அந்தக் கையைத்தான் கேட்பார். பார்த்துவிட்டு முகம் சுளித்தால்? இத்தனை பேருக்கு நடுவில் உதறிவிட்டால்?

அதற்குள் தான் போய்ப் பக்கத்தில் நின்றுகொள்ள வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு வட்டத்தின் திறந்த வாயில் நுழைந்தாள். மகளை எட்டுவதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. பின்னாலிருந்து யாரோ அவள் இடது கையைப் பற்றினார்கள்.

நடத்துகிறவள்தான். சிவப்புப் பாவாடை, தலையில் பூப்போட்ட துணி. தனக்கு முன்னால் வந்து நின்ற இந்தப் புது மனுஷியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். பிறகு சிரித்துவிட்டு, சரி, நீயே நடத்து என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

இப்போது அத்தனை பேரும் காமாக்ஷிக்குப் பின்னால். மகள் மட்டும் முன்னால், கைக்கு எட்டாத தூரத்தில்.

எட்டிப் பிடிக்க வேகமாகப் போனாள். அந்த வேகம் கை கையாகக் கடந்து, வட்டத்தைச் சுற்றிப் போய், கடைசி ஆளையும் வேகமாக இழுத்தது. விஷாகா அதே தூரம் தள்ளிப் போனாள். இவள் ஓட்டமெடுத்தாள். அவளும் ஓடினாள். அக்கார்டியன்காரர் சளைக்காமல் வாசிப்பை முடுக்கினார். புல்லில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள்.

"மெதுவாடி காமு. அத்தனை பேரையும் செர்பியாவுக்கே கூட்டிண்டு போயிடுவே போலிருக்கு" என்றார் சுவாமிநாதன், ஹேண்டிகேமிலிருந்து கண்ணை எடுக்காமல்.

காமாக்ஷி சிரிக்கவில்லை. ரொட்டிக்கடை அம்மாள் கடையை விட்டு இறங்கி வருவதை அவள் பார்த்துவிட்டாள். கையில் ஒட்டியிருந்த மாவை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே, நேராக விஷாகாவைப் பார்த்து வந்தாள். பக்கத்தில் வந்ததும் கையை நீட்டினாள்.

காமாக்ஷி வட்டத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பாய்ந்தாள். வரிசை அவள் பின்னால் நெளிந்து வளைந்தது. மகளின் பைக்குள் தன் கையை விட்டு அந்த இரண்டு விரல்களையும் பிடித்துக்கொண்டாள்.

வட்டம் மூடிவிட்டது.

ரொட்டிக்கடை அம்மாள் நீட்டிய கையோடு வெளியே நின்றாள். திரும்பிப் போகவில்லை. தாளத்துக்குப் பாதத்தைத் தட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

விஷாகா திரும்பினாள். மூச்சு வாங்கியது. முன்நெற்றி முடியெல்லாம் வியர்வையில் ஒட்டியிருந்தது.

"இட்ஸ் ஓகே மா. விடு. ஷீ இஸ் வெயிட்டிங்."

காமாக்ஷி அந்த முகத்தில் கூச்சத்தைத் தேடினாள். எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

மூன்று வயதில் அந்தக் கையால்தான் குழந்தை எல்லோருக்கும் டாட்டா காட்டும். தபால்காரருக்கு, எதிர்வீட்டு நாய்க்கு, சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்கும் கார்களுக்கு. ஒரு காரில் இருந்தவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள்.

அந்த வாரம்தான் காமாக்ஷி தையல் மிஷின் வாங்கினாள். எல்லாப் பைகளையும் அவளேதான் தைத்தாள். குழந்தை ஒருநாளும் பை கேட்டதில்லை.

விட்டாள்.

பையிலிருந்து விஷாகா எடுத்து நீட்டிய கையை ரொட்டிக்கடை அம்மாள் பார்த்தாள். தன் பெரிய உள்ளங்கையை ஒருமுறை திருப்பி, பிடி வசமாக விழும் இடத்தைக் கண்டுபிடித்து, இரண்டு விரல்களையும் கோத்துக்கொண்டாள். அதன்பிறகு தன் கால்களைத்தான் பார்த்தாள். நடு ஆட்டத்தில் சேர்ந்தவளுக்கு அடி தப்பிவிடக் கூடாதே என்ற கவலை.

காமாக்ஷியின் வலது கை இப்போது வெறுமனே தொங்கியது. சிவப்புப் பாவாடைக்காரி இடுப்பிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை உருவி அவளிடம் கொடுத்தாள். நடத்துகிறவர்கள் அதை எல்லோருக்கும் தெரியும்படி தலைக்கு மேலே சுழற்ற வேண்டுமாம்.

காமாக்ஷி கையை உயரத் தூக்கினாள்.