மாமனாரின் சிம்பொனி

ராக் என்ற பேச்சை எடுத்தாலே மாமனாருக்குப் பற்றிக்கொண்டு வரும். இசைக் கல்லூரியில் சிம்பொனி பாடம் நடத்தியவர். அவருடைய இசைத்தட்டு அலமாரியை மாமியார் தூசி தட்டப் போனால்கூட எரிந்து விழுவார்.

அவரை ஒரு தடவையாவது ஏமாற்றிவிட மாப்பிள்ளைக்கு ஆசை. பழைய ராக் இசைத்தட்டு ஒன்றை சிம்பொனி உறைக்குள் போட்டுக் கொண்டுவந்து ஓடவிட்டான். அந்தக் காலத்து ராக் பையன்கள் சிம்பொனியிலிருந்து தாராளமாகச் சுட்டிருந்ததால், ஆரம்பம் முழுக்க வயலினும் ஆர்கனும்தான்.

மாமனார் கண்களை மூடினார். “இதுதான் மாப்பிள்ளை சங்கீதம். நீங்க கேக்கறது தகர டப்பாவை உருட்டற சத்தம்.”

“ஆமாம் மாமா” என்றான் மாப்பிள்ளை, சிரிப்பை விழுங்கிக்கொண்டு. இப்போது வயலின் நிற்கும், டிரம்ஸ் இடிக்கும், மாமனாரின் ஞானம் சந்தி சிரிக்கும்.

வயலின் நின்றது. டிரம்ஸ் இன்னும் வரவில்லை. அதற்குள் மாமனாரின் இரண்டு கைகளும் உயர்ந்து, நாற்காலிக் கையில் தடதடவென்று இறங்கின. அதே அடியில், அவர் கைகளோடு சேர்ந்தே வந்து விழுந்தது டிரம்ஸ்.

மாமியார் கணவரைப் பார்த்தார். பிறகு அலமாரியைப் பார்த்தார்.

“மாப்பிள்ளை, அந்த சிம்பொனியெல்லாம் உறையிலேர்ந்து ஒவ்வொண்ணா வெளியில எடுங்க.”